அரைப்பேர்

மவுசாக்கலையில் தண்ணீர் இன்று
வான்கதவுக்கு மூன்று ஆள் உயரம் கீழே.
மின்சார சபைக் காவலாளி திலகசிறி போனில் சொன்னார்.
சொல்லிவிட்டு, ஏன் கேட்கிறாய் என்றார்.
மீன் என்றேன்.

மஸ்கெலியா பஜாரில் ஜெசிந்தாவின் தையல் கடை,
ஷட்டர் பாதி இறக்கிய பிறகு.
வெட்டுமேசையில் துணியை ஒதுக்கிவிட்டு
சோக்கட்டியால் ஏரியை வரைகிறோம்.
நீலச் சோக்கு தீர்ந்துபோயிற்று.
ஏரி இளஞ்சிவப்பு.
இங்கே பழைய பாலம். இங்கே கோயில்,
மழை பொய்த்த வருஷம் சேறு பூசி எழுந்து வருமே, அது.
இங்கே, கத்திரிக்கோல் கிடக்கிற இடத்தில்,
லாஞ்சி.

துரை தன் மகளின் பெயரை வைத்தார்: எலைசா.
லயத்தில் எலிசாமி.
அக்கரை டிவிசன் கொழுந்தை
இக்கரை ஃபெக்டரிக்குக் கொண்டுவரும்.
எழுபத்தெட்டில் ஒரு மாசக் கடைசி
கொழுந்துச் சாக்கு, உர மூட்டை, ஆட்கள், கணக்கப்பிள்ளை,
அவருடைய செக்ரோல் பெட்டி
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு நடு ஏரியில் சாய்ந்தது.
கொழுந்துச் சாக்கைக் கட்டிப்பிடித்து மிதந்தார்கள்.
ஒருவரும் சாகவில்லை.
பெட்டி மட்டும் கரையேறவில்லை.

உழைத்த நாளுக்குப் பேர் என்றுதான் எங்களிடம் பெயர்.
கொழுந்து குறைந்தால் அரைப்பேர்.
ஏடு போனதால் அந்த மாசம் தோட்டம்
எல்லாருக்கும் அரைப்பேர் போட்டுக் கணக்கை மூடியது.
ஜெசிந்தாவின் அத்தை மரியபுஷ்பம்
மீதி அரையை இன்னும் கேட்கிறாள்,
தலைவரிடம், பாதரிடம்,
சேமலாப நிதிக் கந்தோர் கண்ணாடி ஓட்டைக்குள் குனிந்தும்.

மாலைதீவில் ஆறு வருஷம்
வெள்ளைக்காரருக்குச் சிலிண்டர் சுமந்தவன் நான்.
கடல் கணக்கு இங்கே செல்லாது, மிஹ்ளார்.
நாம் மேகத்துக்குள் நின்று இறங்குகிறோம்.
பதினெட்டு மீற்றரை இருபத்தொன்று என்று வாசி.
உப்பில்லாத தண்ணீர், உன்னைத் தாங்காது,
ஈயத்தில் இரண்டு கிலோ கழற்று.
திருகோணமலையிலிருந்து வந்த கையோடு குதிக்காதே,
ஒரு ராத்திரி தூங்கு, இரத்தம் மலைக்குப் பழகட்டும்.
சேற்றைக் காலால் தொடாதே.
தொட்டால் உன் கையே உனக்குத் தெரியாது.

அவன் எல்லாவற்றுக்கும் சரி என்றான்.
பிறகு, பெட்டி இரும்பா தகரமா என்றான்.
யாருக்கும் தெரியவில்லை.

கொம்பிரசர் வாடகை, டீசல், பாண்காரன் வேன்:
எழுபத்திரண்டாயிரம்.
ஜெசிந்தா சீட்டுக்காசை எண்ணி வைத்தாள்,
திரும்ப ஒரு தரம் எண்ணினாள்,
முங்கி வந்த அன்றிரவே சிவனொளிபாதமலை ஏறுகிறேன் என்றாள்,
நேர்த்தியாம்.
ஏறக்கூடாது, குமிழ் கட்டும், மூட்டுக்குள் என்றேன்.
அப்ப முதல்ல ஏறிட்டு வந்து முங்குறேன்.
கால் நடுங்க வந்து எப்படி முங்குவாய்?
இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.
வெளியே யாத்திரைக்காரர் பஸ் ஒன்று
ஹோர்ன் அடித்துக்கொண்டே போனது.

காகிதம் இருக்காது. எனக்குத் தெரியும்.
நாற்பது வருஷத்துக்கு மேல் ஊறிய மை
எந்த மீன் வயிற்றிலோ.
ஆனாலும் அனுமதிப் படிவத்தில்
நோக்கம் என்ற கோட்டில் பேனா நிற்கிறது.

அத்தையைக் கேட்போம் என்று ஸ்பீக்கரில் போட்டாள்.
எல்லாம் கேட்டுவிட்டு மரியபுஷ்பம் சொன்னாள்:
அந்தப் பெட்டிய எடுக்காதீங்கடா.
அந்த மாசம் பாதிநாள் நான் மலைக்கே போகல்ல.
காய்ச்சல்னு சொல்லிட்டு
ஹட்டன்ல படம் பாக்கப் போனேன்.

அப்ப ஏன் அத்தை இவ்வளவு வருஷமா...

எல்லாருக்கும் அரை போட்டாங்க, எனக்கும் போட்டாங்க.
மீதிய நான் ஏன் விடணும்?

மிஹ்ளார் சிரித்துச் சிரித்து
ஈயக்கட்டியைக் காலில் போட்டுக்கொண்டான்.

போயா கழித்து வியாழன், விடிய ஐந்தரை.
டோர்ச் நான்கு, கயிறு அறுபது மீற்றர்.
பெட்டியைக் கண்டால் என்ன செய்வது என்று
முடிவெடுக்கவில்லை.

ஷட்டரை இழுத்தோம். மேசையை யாரும் துடைக்கவில்லை.
காலையில் ஏதோ ஒரு டீச்சரின் பிளவுஸ் முதுகில்
இளஞ்சிவப்பாய்
ஏரியின் தென்கரை.